ஈஸ்டர் முட்டை: பிள்ளைக்கு எவ்வளவு சாக்லேட் கொடுக்கலாம்?

பிரிட்டனில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்களில் ஈஸ்டர் நெருங்கும்போது தவறாமல் எழும் கேள்வி இது. பொங்கல் முடிவதற்குள்ளேயே சூப்பர் மார்க்கெட்டில் சாக்லேட் முட்டைகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பள்ளியில் ஒன்று கொடுத்து அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று நீட்டுவார். சித்தப்பா வீட்டிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். நாம் வாங்கி வைத்ததையும் சேர்த்தால், ஐந்து வயதுப் பிள்ளையிடம் நாலு முட்டை சுலபமாகச் சேர்ந்துவிடும். இதில் இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று பெட்டியில் யாரும் எழுதி வைப்பதில்லை.

"எவ்வளவு கொடுக்கலாம்?" என்ற இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எத்தனை கிராம் என்பது ஒன்று. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பது இன்னொன்று. பெரும்பாலான பெற்றோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பிள்ளையின் பல்லைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் முக்கியம். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

அதற்கு முன் சாக்லேட்டில் முட்டை எப்படி வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடைக்கால ஐரோப்பாவில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்காக இருந்தது. கோழிகள் இட்ட முட்டைகள் வீட்டில் சேர்ந்துகொண்டே போகும். தவக்காலம் முடிந்ததும் அவற்றைச் சமைத்தார்கள், சாயம் பூசிப் பரிசாகவும் கொடுத்தார்கள். பிரிட்டனில் 1873இல் பிரிஸ்டலைச் சேர்ந்த ஃப்ரை நிறுவனம் சாக்லேட்டில் முட்டை செய்து விற்றது. 1875இல் காட்பரி வந்தது. அந்தக் கால முட்டைகள் கசப்புத் தூக்கலான கறுப்புச் சாக்லேட்டில் செய்தவை, விலையும் அதிகம். காட்பரியின் டெய்ரி மில்க் 1905இல் வந்த பிறகுதான் பிள்ளைகள் விரும்பும் பால் சாக்லேட் முட்டைகள் பரவின. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் இனிப்புகளுக்கு ரேஷன் வந்து, 1953 பிப்ரவரி வரை நீடித்தது. அந்தக் காலத்தில் ஒருவருக்குப் பெரும்பாலும் நாலு வாரத்துக்குச் சுமார் 340 கிராம் கிடைத்தது, அதாவது வாரத்துக்கு 85 கிராம். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நடுத்தர முட்டை ஒன்றே அதைத் தாண்டிவிடும். ஒரே காலையில் நாலு முட்டை கையில் இருப்பது எவ்வளவு புதிய பழக்கம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கிராம் கணக்கு

பிரிட்டனின் பொதுச் சுகாதார சேவையான என்ஹெச்எஸ், பிள்ளைகள் ஒரு நாளில் சாப்பிடும் கூடுதல் சர்க்கரைக்கு ஓர் உச்சவரம்பு சொல்கிறது. 4 முதல் 6 வயது வரை 19 கிராம், அதாவது 5 சர்க்கரைக் கட்டி. 7 முதல் 10 வயது வரை 24 கிராம், 6 கட்டி. 11 வயதிலிருந்து 30 கிராம், 7 கட்டி. கூடுதல் சர்க்கரை என்றால் நாமோ தொழிற்சாலையோ உணவில் சேர்க்கும் சர்க்கரை. தேனும் பழச்சாறும் அந்தக் கணக்கில்தான் வரும். முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இயல்பாக இருப்பதும் வராது.

இப்போது முட்டைப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். முதல் வரிசை 100 கிராமுக்கான கணக்கு, அடுத்தது "ஒரு பரிமாறலுக்கு". இந்த இரண்டாவது எண்தான் பலரை ஏமாற்றுகிறது. பரிமாறல் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் 20 அல்லது 25 கிராம்தான். முழு முட்டைக்கும் அதுதான் கணக்கு என்று நினைத்துவிடக் கூடாது. 100 கிராம் வரிசையையே பாருங்கள். பால் சாக்லேட் என்றால் சர்க்கரை பொதுவாக 55 கிராமை ஒட்டி இருக்கும். பாதிக்கு மேல் சர்க்கரை. அதில் ஒரு சிறு பங்கு பாலின் சொந்தச் சர்க்கரைதான், ஆனால் வீட்டுக் கணக்குக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

இதை வைத்துப் போட்டுப் பார்த்தால், ஐந்து வயதுப் பிள்ளையின் 19 கிராம் வரம்பு ஏறக்குறைய 35 கிராம் பால் சாக்லேட்டில் முடிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 43 கிராம். பன்னிரண்டு வயதுக்கு 54 கிராம். அதுவும் அன்றைக்கு வேறு இனிப்பு எதுவுமே வாயில் படவில்லை என்றால் மட்டும். ஆனால் காலையில் இனிப்புச் சீரியல், ஒரு சின்ன டம்ளர் ஆரஞ்சு ஜூஸ், மதியம் கெட்ச்அப், பழச் சுவையூட்டிய தயிர் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். 150 மில்லி ஜூஸில் மட்டும் 12 கிராம் சர்க்கரை இருக்கும். அதனால் சாதாரண நாளில் சாக்லேட்டுக்கு மிச்சமிருப்பது பாதி என்று வைத்துக்கொள்வது நியாயம். 4 முதல் 6 வயதுக்கு 15லிருந்து 20 கிராம், 7 முதல் 10 வயதுக்கு 20லிருந்து 25 கிராம், அதற்கு மேல் 30 கிராம் வரை. இவை நான் என்ஹெச்எஸ் வரம்பிலிருந்து கணக்குப் போட்டு எடுத்த எண்கள். பிள்ளையின் மற்ற உணவைப் பார்த்து நீங்கள் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம்.

20 கிராம் என்றால் கண்ணுக்கு எவ்வளவு? தாளைப் பிரிக்காமலே முட்டையை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் அது துண்டு துண்டாகும். அந்தத் துண்டுகளை சமையலறைத் தராசில் ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். 100 கிராம் முட்டை ஓட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் 20 கிராம். ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்த தடவை தராசு வேண்டாம், கைக்கே தெரிந்துவிடும். நம் கண்ணுக்கு அது கொஞ்சமாகத் தெரியும். ஆனால் சின்னக் கிண்ணத்தில் நாலைந்து சில்லுகளாக உடைத்து வைத்தால் பிள்ளைக்கு நிறைய இருப்பது போலத்தான் தோன்றும். முழு முட்டையைக் கையில் கொடுத்துவிட்டு "கொஞ்சமா சாப்பிடு" என்று சொல்வதால் பயனில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொஞ்சம் என்பதற்கு அளவு தெரியாது.

உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாகப் பாகு நிரப்பிய கிரீம் எக் போன்றவற்றில் இன்னும் கவனம் தேவை. 40 கிராம் எடையுள்ள ஒன்றிலேயே சுமார் 26 கிராம் சர்க்கரை இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையின் ஒரு நாள் வரம்பு ஒற்றை முட்டையில் தாண்டிவிடுகிறது. சின்னதாக இருக்கிறதே என்று இரண்டு கொடுத்துவிடுவது சுலபம்.

எத்தனை தடவை என்ற கேள்வி

பல்லின் மேல் எப்போதும் நுண்ணுயிர்களின் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. சர்க்கரை கிடைத்ததும் அவை அதைத் தின்று அமிலத்தை விடுகின்றன. சில நிமிடங்களிலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலத்தன்மை ஏறி, எனாமலிலிருந்து தாதுக்கள் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைச் சமன்படுத்தி, கரைந்த தாதுக்களில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். வாய் பழைய நிலைக்கு வர அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

இப்போது இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஈஸ்டர் அன்று 60 கிராம் சாக்லேட் சாப்பிடுகிறார்கள். ஒருத்தி மதியச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு விளையாடப் போகிறாள். இன்னொருவன் காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை போகும்போதும் வரும்போதும் ஒரு சில்லு வாயில் போட்டுக்கொள்கிறான். சர்க்கரை இருவருக்கும் ஒன்றேதான். முதல் பிள்ளையின் பல் ஒரே ஒரு தடவை அமிலத்தைத் தாங்கியது. இரண்டாவது பிள்ளையின் பல்லுக்கு அன்று ஓய்வே கிடைக்கவில்லை, எச்சில் வேலையை முடிப்பதற்குள் அடுத்த சில்லு வந்துவிட்டது. கிராமை மட்டும் எண்ணும் பெற்றோர், முட்டையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து நாள் முழுக்கக் கொடுப்பதுதான் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். பல்லுக்கு அதுதான் கெடுதல்.

இதை உலகுக்குக் காட்டியது ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு. லுண்ட் நகருக்கு அருகே வீபேஹோல்ம் என்ற மனநலக் காப்பகத்தில் 1940களின் பின்பாதியில் நோயாளிகளுக்குப் பல விதங்களில் இனிப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சர்க்கரை சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபியை அடிக்கடி தின்றவர்களுக்கு மிகவும் கூடியது. அறிவு வளர்ச்சி குன்றிய அந்த நோயாளிகளிடம் சம்மதம் கேட்கவில்லை. பலருடைய பற்கள் நாசமாயின. இன்று அப்படியோர் ஆய்வை எந்த நாடும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. நம் பிள்ளைகளின் பல்லைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பதில் ஒரு பங்குக்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

அந்த முடிவுகளிலிருந்துதான் ஸ்வீடனில் 1950களில் "சனிக்கிழமை மிட்டாய்" என்ற பழக்கம் பிறந்தது. வாரம் முழுக்கக் கொறிக்காமல், சனிக்கிழமை ஒரே நாளில் ஆசை தீரச் சாப்பிடுவது. இன்றும் அங்கே பல வீடுகளில் இது உண்டு. அதே ஸ்வீடனில் ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்கு அட்டையில் செய்த பெரிய முட்டை நிறைய மிட்டாய் கொடுப்பார்கள். இரண்டு பழக்கமும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருப்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இன்னொரு செய்தி. ஒட்டிக்கொள்ளும் டாஃபி, கேரமல், ஜெல்லி மிட்டாய்களோடு ஒப்பிட்டால் வெறும் சாக்லேட் வாயிலிருந்து சீக்கிரம் கரைந்து போய்விடும். முட்டைக்கு உள்ளே கேரமல் இருக்கிறதா, அல்லது அது வெறும் சாக்லேட் ஓடுதானா என்று பார்த்து வாங்கலாம். படுக்கப் போகுமுன் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் பல் துலக்க வேண்டும், அதற்குப் பிறகு எதுவும் வாயில் போகக் கூடாது. தூக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் இரவு நேரச் சர்க்கரைதான் அதிகத் தீங்கு செய்யும். இங்கிலாந்தில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கான முதன்மைக் காரணங்களில் சொத்தைப் பல் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. மயக்க மருந்து கொடுத்துப் பால்பற்களைப் பிடுங்குகிறார்கள்.

அப்படியானால் ஈஸ்டர் அன்று?

தீபாவளி அன்று அதிரசத்தை யாரும் எடை போட்டுக் கொடுப்பதில்லை. ஈஸ்டர் ஞாயிறும் அப்படி ஒரு நாள்தான். அன்றைக்கு வரம்பைத் தாண்டினால் பிள்ளையின் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. காலையில் வெறும் வயிற்றில் வேண்டாம். தோட்டத்தில் முட்டை தேடும் விளையாட்டு முடியட்டும், சாப்பாடு ஆகட்டும், அப்புறம் ஒரு முட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, உட்கார்ந்து அது போதும் என்று சொல்லும் வரை சாப்பிடட்டும். பால் சாக்லேட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சீக்கிரமே திகட்டிவிடும். மிச்சமானதை அப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். எடுத்து வைப்பது தண்டனையில்லை, நாளைக்கும் உண்டு என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

முழுக்கத் தடுத்துவிட்டால் என்ன என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. அமெரிக்காவில் ஜெனிஃபர் ஃபிஷர், லீயன் பிர்ச் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். பிள்ளைகளின் கண்ணுக்கு எதிரே ஒரு தின்பண்டத்தை வைத்து, எடுக்கக் கூடாது என்று தடுத்துப் பார்த்தார்கள். தடுத்த பண்டத்தின் மேல்தான் பிள்ளைகளின் பேச்சும் ஆசையும் கூடின. அலமாரி உச்சியில் எல்லோரும் பார்க்கும்படி முட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு "தொடாதே" என்று சொல்வது இதே கதைதான். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வையுங்கள், எப்போது கிடைக்கும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். எதை, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும் என்று எலின் சாட்டர் என்ற உணவியல் வல்லுநர் சொல்கிறார். ஈஸ்டர் நாளுக்கு இதை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் எவ்வளவு என்பதையும் நாமே முடிவு செய்து கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பதுதான் சரி என்பது என் கருத்து.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். "காய்கறியை முடித்தால் முட்டை" என்று பேரம் வேண்டாம். அப்படிச் சொல்லச் சொல்ல, காய்கறி ஒரு தொல்லை, சாக்லேட் ஒரு வெகுமதி என்று பிள்ளையின் மனதில் பதிந்துவிடும்.

சாக்லேட் தின்றதும் பிள்ளைகள் தலைகால் தெரியாமல் ஆடுகிறார்கள் என்ற புகார் எல்லா வீட்டிலும் உண்டு. சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதில்லை என்று 1995இல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஓர் ஆய்வில், சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, சர்க்கரை கொடுத்ததாகத் தாய்மாரிடம் சொன்னார்கள். அந்தத் தாய்மார் தங்கள் பிள்ளைகள் அதிகம் துள்ளுவதாகச் சொன்னார்கள். விடுமுறை, விருந்தாளி, கூட்டாளிப் பிள்ளைகள், தூக்கக் குறைவு என்று ஆடுவதற்கு வேறு காரணங்கள் போதுமான அளவு இருக்கின்றன. கஃபீன் என்றால் பால் சாக்லேட்டில் மிகக் குறைவு. 70 சதவீதக் கறுப்புச் சாக்லேட்டில் பல மடங்கு அதிகம் என்பதால் அதை மட்டும் சாயங்காலத்துக்குப் பிறகு கொடுக்காதீர்கள்.

இரண்டு வயதுக்குக் கீழ்

இங்கே என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம். ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் பாட்டிக்கு இதைச் சொல்வதுதான் கஷ்டம். "ஒரு சொட்டு நாக்குல தடவினா என்ன ஆயிடும்? நீயும் அப்படித்தானே வளர்ந்தே" என்பார்கள். "அவனுக்கு அந்த ருசியே இன்னும் தெரியாதும்மா, தெரியாததைக் கேட்டு அழமாட்டான்" என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஈஸ்டரில் எதையும் இழக்காத ஒரே ஆள் அந்தக் குழந்தை. முட்டைப் பெட்டியே அதற்குப் போதுமான விளையாட்டுப் பொருள்.

பாட்டியிடம் சொல்ல ஓர் ஆய்வும் இருக்கிறது. பிரிட்டனில் சர்க்கரை ரேஷன் 1953 செப்டம்பரில் முடிந்தது. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் காலத்தைக் கண்டவர்களையும், அது முடிந்த பிறகு கருவானவர்களையும் பல பத்தாண்டுகள் கழித்து ஒப்பிட்டு, 2024இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். ரேஷன் காலக் குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவீதமும் குறைவாக இருந்தன. நீரிழிவு நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நோய் என்பதால் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து வயது வரை இன்னொரு ஆபத்தும் உண்டு. கெட்டியான சர்க்கரை ஓடு போட்ட குட்டி முட்டைகள் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும் அளவில் இருக்கின்றன. பையிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுக் கொட்டைகளும் கூடாது என்பது என்ஹெச்எஸ் அறிவுரை. அண்ணனின் கூடையிலிருந்து தங்கை எடுத்துவிடுவாள் என்பதால், வீட்டில் சின்னது இருந்தால் பெரிய பிள்ளைக்கும் குட்டி முட்டை வாங்காமல் இருப்பதே நல்லது.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைக்கும் ஈஸ்டர் முட்டை உண்டு. சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து, மாவுச்சத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப இன்சுலின் போட வேண்டும். ஆனால் சர்க்கரை தாழ்ந்துபோனால் அதை ஏற்றச் சாக்லேட்டைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். பால் ஒவ்வாமையோ கொட்டை ஒவ்வாமையோ இருந்தால் மற்றவர்கள் தரும் ஒவ்வொரு பெட்டியையும் படித்துப் பார்த்த பிறகே உடைக்க வேண்டும்.

மிச்சம்

நாலு முட்டை, தலா 150 கிராம் என்றால் 600 கிராம். ஒரு நாளைக்கு 20 கிராம் வீதம் ஒரு மாதம் வரும். கெட்டுப்போய்விடுமே என்று அவசரப்பட வேண்டாம், சாக்லேட் குளிர்ந்த, ஈரமில்லாத அலமாரியில் மாதக் கணக்கில் இருக்கும். மேலே வெண்மை படர்ந்தால் அது கொழுப்போ சர்க்கரையோ மேலே வந்ததுதான், பூஞ்சை இல்லை. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்னக் கிண்ணம் கொடுக்கலாம், அல்லது ஸ்வீடன்காரர்கள் மாதிரி சனிக்கிழமை மட்டும் என்று வைக்கலாம். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சனிக்கிழமை முறை நன்றாகப் பிடிபடும். சின்னப் பிள்ளைக்கு ஒரு வாரம் காத்திருப்பது பெரிய காலம், அதற்குத் தினசரிக் கிண்ணமே நல்லது. உருக்கிக் கேக்கில் சேர்க்கலாம், பிரிக்காத பெட்டியை உணவு வங்கிக்குக் கொடுக்கலாம். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள், சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாய்க்கு விஷம்.

அடுத்த வருடம் சொந்தக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடலாம். "முட்டை நாங்கள் வாங்கிவிட்டோம், அவளுக்குக் கலர் பென்சில் வாங்கி வாருங்கள் அத்தை" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று இங்கிலாந்தில் பெரிய கடைகள் மூடியிருக்கும். திங்கட்கிழமை திறக்கும்போது மிஞ்சிய முட்டைகளைப் பாதி விலைக்கும் அதற்குக் கீழும் தள்ளிவிடுவார்கள். வீட்டில் ஒரு மாதத்துக்கு இருக்கும்போது அந்த வரிசைப் பக்கமே போகாமல் வாருங்கள்.